தண்ணீர் எங்கே போகிறது

டிசம்பர் 3, செவ்வாய்

முள் மறுபடியும் சிவப்புக்குப் போய்விட்டது. பாய்லர் நின்றுவிட்டது. குளிர்ந்த தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு, உதடு மரத்துப்போன நிலையிலேயே வீட்டுக்காரர் யோகநாதனுக்குப் போன் போட்டுக் கத்தினேன். மரத்த உதட்டோடு கத்தினால் கொஞ்சுவதுபோல் கேட்கும் என்று எனக்குத் தெரியாது. “என்ன பிள்ளை, சுகமில்லையோ?” என்று கேட்டார்.

இந்த நாட்டில் வீட்டைச் சூடாக்குவது இப்படி: சமையலறைச் சுவரில் ஒரு பாய்லர். அது தண்ணீரைக் காய்ச்சிக் குழாய் வழியே ஒவ்வொரு அறையிலும் இருக்கும் இரும்புப் பலகைக்கு அனுப்பும். அதற்கு ரேடியேட்டர் என்று பெயர். சுற்றிவிட்டு அதே தண்ணீர் திரும்பி வரும். வெளியே போகாது, புதிதாக உள்ளே வராது. அந்தத் தண்ணீரின் அழுத்தத்தைக் காட்டத்தான் பாய்லருக்குக் கீழே ஒரு முள். பச்சையில் நின்றால் வீடு. சிவப்பில் நின்றால் குளிர்சாதனப் பெட்டி.

சிவப்புக்குப் போனால் வைத்தியம் எளிது. ஒரு முழ நீளத்தில் கம்பி பின்னிய ஹோஸ் ஒன்றை இரண்டு வால்வுகளுக்கு நடுவே மாட்டித் திறந்தால் தண்ணீர் ஏறிவிடும். எங்கள் வீட்டு ஹோஸ் எங்கே இருக்கிறது? யோகநாதனின் வேனில்.

“நிரப்பின உடன கழட்டவேணும் பிள்ளை. இந்த நாட்டுச் சட்டம்” என்பார். தேடிப் பார்த்தேன். உண்மைதான், மாட்டியே வைக்கக்கூடாது. ஆனால் கழற்றி வேனில் போட்டுக்கொண்டு ஊரின் மறுகோடிக்குப் போய்விட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

டிசம்பர் 4, புதன்

காலையில் வந்தார், கோட்டோடு. யோகநாதன் இந்த வீட்டுக்குள் கோட்டைக் கழற்றி நான் பார்த்ததே இல்லை. தன் சொந்த வீட்டுக்குள் கோட்டைக் கழற்ற முடியாத மனிதனுக்கு எதிராக வேறு என்ன சாட்சி வேண்டும்?

ஹோஸை மாட்டினார், நிரப்பினார், கழற்றினார். போகும்போது கூடத்தைப் பார்த்தார். அங்கே, என்னோடு வீட்டைப் பகிர்ந்திருக்கும் வினோதினியின் அப்பா வெள்ளைச்சாமி மாமா உட்கார்ந்து, மொழி புரியாத டிவியில் யாரோ ஏலம் விடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்ப இந்த வீட்டில எத்தனை பேர்?”

“நாலு.”

“மூண்டு பேருக்குத்தானே நான் வீடு தந்தனான். ஆள் கூடினா பாய்லர் தாங்காது.”

“பாய்லர் என்ன பஸ்ஸா அண்ணே, சீட்டு கணக்கு பாக்கதுக்கு?”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. தமிழன் தமிழனுக்கு வீடு வாடகைக்கு விட்டால் இதுதான் சங்கடம். சண்டை போடப் போனால் அண்ணா ஆகிவிடுவான்.

மாமா வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. வினோதினிக்கு ஜனவரி முதல் வாரம் பிரசவம். அம்மா இல்லாதவள். அவள் புருஷன் பெருமாள் பாதி நாள் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருப்பான். அதனால் அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து அப்பா வந்திருக்கிறார், மே மாதம் வரை. ஊரில் பஞ்சாயத்து டேங்க் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நாலு தெருத் தண்ணீர் அவர் கையில் இருந்தது. இங்கே அவர் கையில் டிவி ரிமோட் இருக்கிறது.

யோகநாதன் சொன்னதை அவரிடம் சொல்லக்கூடாது என்று வினோதினி சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

டிசம்பர் 5, வியாழன்

முள் பச்சையில். வீடு முழுக்கச் சூடு. மாமா வெறும் பனியனும் வேட்டியுமாகத் திரிகிறார். இடுப்புக் கயிற்றில் சின்னப் பித்தளைச் சாவி ஒன்று ஆடுகிறது. ஊர்ப் பெட்டிச் சாவியாக இருக்கும். மகளைப் பார்க்க வந்த இடத்திலும் பெட்டி ஞாபகம்.

டிசம்பர் 8, ஞாயிறு

சிவப்பு.

இந்தத் தடவை கத்தவில்லை. கண்டுபிடிப்பது என்று முடிவு செய்தேன். அடைத்து வைத்த தண்ணீர் குறைகிறது என்றால் எங்கோ வெளியேறுகிறது. எங்கே என்று நிரூபித்துவிட்டால் ‘ஆள் கூடிப்போச்சு’ என்று யோகநாதனால் சொல்ல முடியாது. மாமாவும் பேரப்பிள்ளையைப் பார்த்துவிட்டுத்தான் போவார்.

எம்.எஸ்சி. படித்துவிட்டு சாண்ட்விச் கம்பெனியில் ரொட்டி மேல் வெள்ளரிக்காய் வைக்கிறேன். வெள்ளரிக்காய் நடுவில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சூப்பர்வைசர். மூளை சும்மாதான் கிடக்கிறது. இதற்காவது பயன்படட்டும்.

முதல் சோதனை: ஒவ்வொரு ரேடியேட்டரின் வால்வுக்கு அடியிலும் டிஷ்யூ பேப்பர் வைத்தேன். ஒரு சொட்டு விழுந்தாலும் தெரிந்துவிடும். வினோதினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் நின்று பார்த்தாள்.

“டிஷ்யூ காஞ்சிரும்டி. கோலமாவு போடு. ஈரம் பட்டா கட்டி பிடிச்சு நிக்கும்.”

நல்ல யோசனை. வீடு பூராவும் கோலமாவு தூவினேன். மாமா ஆர்வமாகப் பின்னாலேயே வந்தார்.

“மார்கழி இன்னும் பொறக்கலையே தாயி?”

“இது வேற மாமா. ஒரு பரிசோதனை.”

“அப்படியா” என்று சொல்லிவிட்டு, நான் தூவிய மாவுத் திட்டு ஒன்றைச் சுற்றி விரலால் நாலு புள்ளி வைத்துவிட்டுப் போனார்.

டிசம்பர் 10, செவ்வாய்

மாவு மாவாகவே இருக்கிறது. எறும்புகூட வரவில்லை. என்ன நாடு இது.

நேற்று யோகநாதன் வந்து நிரப்பிவிட்டுப் போனார். கோட்டு. மாவைப் பார்த்து “பூசையோ?” என்று கேட்டார்.

இரண்டாவது சோதனை. பாய்லருக்குள் அழுத்தம் அளவு மீறினால், கூடுதல் தண்ணீரை வெளியே தள்ள ஒரு செப்புக் குழாய் இருக்கிறது. வெளிச்சுவரில் மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அதன் வழியே ஒழுகுகிறதா என்று பார்க்க வாயில் ஏதாவது கட்ட வேண்டும். கம்பெனியிலிருந்து கொண்டுவந்த நீலக் கையுறையைக் கட்டினேன். தண்ணீர் வந்தால் விரல்கள் பெருக்கும்.

காற்று அடித்தது. கையுறை விறைத்து நின்று, சுவரிலிருந்து போகிற வருகிறவர்களுக்கு எல்லாம் கையாட்டிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு வெள்ளைக்காரக் கிழவி ஜன்னலில் நின்று வெகுநேரம் பார்த்தாள். பிறகு திரும்பக் கையாட்டினாள்.

வேலை முடிந்து வந்து அவிழ்த்துப் பார்த்தேன். உள்ளே காய்ந்து கிடந்தது.

என் கறிவேப்பிலைச் செடி இலை உதிர்க்கிறது. சமையலறை ஜன்னலில் வைத்து ஒரு வருஷமாகப் பிள்ளை மாதிரி வளர்க்கிறேன். குளிர்தான் காரணம். யோகநாதன் கணக்கில் இதையும் சேர்க்கிறேன். மாமாவுக்கும் வருத்தம். தினமும் அவர்தான் தண்ணீர் ஊற்றுகிறார். “நல்ல சத்துத் தண்ணியாத்தேன் ஊத்துறேன், ஏன் இப்படி ஆவுதுன்னு தெரியல” என்றார்.

அவருக்கு ஒரு கம்பளித் தொப்பி வாங்கினேன். தள்ளுபடிக் கூடையில் கிடந்தது, அதனால்தான். பச்சை நிறம் பிடிக்கும் என்று எப்போதோ சொன்னார். மூன்றாவது கடையில் பச்சை இருந்தது.

டிசம்பர் 11, புதன்

மூன்றாவது சோதனை, இதுதான் பெரியது. பாய்லருக்கு அடியில் இரண்டு வால்வுகள் இருக்கின்றன. ஒன்று வீட்டுக்குப் போகும் குழாய், இன்னொன்று திரும்பி வரும் குழாய். நேற்றிரவு படுக்கப் போகும்முன் இரண்டையும் மூடிவிட்டேன். இப்போது பாய்லர் தனி, வீட்டுக் குழாய்கள் தனி. விடிந்ததும் முள் இறங்கியிருந்தால் பாய்லர் கெட்டது. இறங்காவிட்டால் குழாயில் ஓட்டை.

காலையில் முள் அசையவில்லை. வால்வுகளைத் திறந்தேன். முள் அப்படியே சரிந்து படுத்தது.

பாய்லர் நிரபராதி. குழாய்தான் குற்றவாளி. ரேடியேட்டர் வால்வுகளில் ஒழுகல் இல்லை, வெளியே இல்லை, கூரையில் கறை இல்லை. மிச்சம் ஒரே இடம்: கூடத்துத் தரைக்கு அடியில். அந்தத் தரைக்கு மரப்பலகை போட்டது யார்? யோகநாதன், தன் கையால். வருகிறவர்களிடம் எல்லாம் பெருமையாகச் சொல்வார். எந்த ஆணி எந்தக் குழாயைத் துளைத்ததோ!

இவ்வளவு சந்தோஷமாக நான் பட்டம் வாங்கிய அன்றுகூட இருந்ததில்லை. பல் நடுங்க நடுங்கச் சிரித்தேன்.

டிசம்பர் 12, வியாழன்

சண்டை. முழுதாக எழுதிவைக்கிறேன்.

யோகநாதன் நிரப்பி முடிக்கும்வரை காத்திருந்து, மூன்று சோதனைகளையும் சொன்னேன். முகம் மாறியது.

“என்ர தரையையோ? சும்மா கதைக்காதையும். நான் ஒவ்வொரு பலகையும் பார்த்துப் பார்த்துப் போட்டனான்.”

“பாத்துப் போட்டா தண்ணி எங்க போகுது? நீங்களே சொல்லுங்க.”

“நாலு பேர் குளிச்சா தண்ணி குறையும்தானே?”

“குளிக்கிற தண்ணி வேற குழாய், இது வேற குழாய். வீட்டுக்காரர் உங்களுக்கு நான் பாடம் எடுக்கணுமா? நிறைமாசப் பிள்ள இருக்கா இந்த வீட்டுல. கவுன்சில்ல எழுதிப் போடுதேன், அவங்க வந்து பாக்கட்டும்.”

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோட்டின் பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே சொன்னார்: “வரட்டும் பிள்ளை. அவை வந்தா முதல்ல கேக்கிறது, இந்த வீட்டில எத்தனை பேர் இருக்கினம் எண்டுதான்.”

அவர் தொடர்ந்தார்.

“சரி. ஓட்டை தரைக்குக் கீழ எண்டு நீர் சொல்றீர். நான் கிளப்பிப் பாக்கிறன். இருபத்தோராம் திகதி சனிக்கிழமை துவங்கிறன். ரெண்டு கிழமைக்கு ஹீட்டிங் இல்லை, தரை இல்லை. எல்லாரும் வேற இடம் பாருங்கோ. திரும்பி வரேக்க மூண்டு பேர்தான். அந்த ஐயாவின்ர டிக்கெட்டை முன்னுக்குப் போடச் சொல்லுங்கோ.”

பிரசவத் தேதி அந்த இரண்டு வாரம் முடிகிற இடத்தில் இருக்கிறது.

நான் வழக்கில் ஜெயித்துவிட்டேன். பரிசாக எல்லாரையும் தெருவில் நிறுத்திவிட்டேன்.

டிசம்பர் 13, வெள்ளி

வினோதினி என்னோடு பேசவில்லை. ஆனால் டப்பாவில் சோறு கட்டி வைத்திருந்தாள். ரசம் தனியாக.

டிசம்பர் 16, திங்கள்

சனிக்கிழமை காலையில் பெருமாள் மாமாவை பர்மிங்ஹாம் பக்கம் ஒரு கோவிலுக்குக் கூட்டிப்போனான். அங்கேயே தெரிந்தவர் வீட்டில் தங்கிவிட்டு இன்று சாயங்காலம்தான் வருகிறார்கள். டிக்கெட் விஷயத்தை அங்கே வைத்து மெதுவாகச் சொல்வதாகத் திட்டம். பெருமாளுக்கு வாய் வராது என்று எனக்கு இப்போதே தெரியும்.

இடம் தேடினேன். மூன்று பேருக்கு ஒரு அறை கிடைக்கிறது. நிறைமாதம் என்றதும் கிடைக்கவில்லை.

ஒரு அதிசயம். சனியிலிருந்து முள் அசையவே இல்லை. பச்சையின் நடுவில் ஆணி அடித்ததுபோல் நிற்கிறது. ஓட்டையைத் துரு வந்து அடைத்துக்கொண்டதா? அப்படி நடக்குமாம், படித்திருக்கிறேன்.

டிசம்பர் 17, செவ்வாய்

துருவாவது மண்ணாவது. முள் மறுபடி இறங்குகிறது.

பெருமாள் சொல்லவில்லை. “கோவில்ல வெச்சு எப்படிங்க சொல்றது?” என்றான். மாமா எனக்குத் திருநீறு கொடுத்தார். நான் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரி என்பது அவருக்குத் தெரியும். “குளிருக்கு நல்லது தாயி” என்றார். பூசிக்கொண்டேன்.

டிசம்பர் 20, வெள்ளி

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் கம்பெனியில் மதிய ஷிப்ட். வீடு திரும்பிப் படுத்தால் எழுந்திருக்கப் பத்து மணி ஆகும். படுக்கும்போது முள்ளைப் பார்ப்பேன், எழுந்ததும் பார்ப்பேன். நடுவில் என்ன நடக்கிறது என்று பார்த்ததே இல்லை. நாளைக்குத் தரையைப் பெயர்க்கப்போகிறார்கள், எங்களுக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை. கூடத்தில் எந்தப் பக்கம் சத்தம் கேட்கிறது என்று தெரிந்தால் தரை முழுவதையும் பெயர்க்க வேண்டாமே என்று, இன்று விடியுமுன் எழுந்து பாய்லர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

முந்தாநாள் யோகநாதன் வந்து நிரப்பியதில் முள் பச்சையில் இருந்தது. பிறகு என் கண்ணெதிரிலேயே நகர்ந்தது. மாடியில் ‘ஸ்ஸ்ஸ்’ என்று குக்கர் விசிலுக்கு முந்தைய சத்தம். ஓடினேன்.

மாடி நடையில் மாமா குந்தியிருந்தார். பச்சைத் தொப்பி, மப்ளர். ரேடியேட்டரின் மேல் மூலையில் இருக்கும் சின்னத் திருகில், இடுப்புக் கயிற்றோடு சேர்த்து அந்தப் பித்தளைச் சாவியை மாட்டித் திருகியிருந்தார். கீழே ஒரு செம்பு. அதில் கறுப்பாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

“எந்திரிச்சிட்டியா தாயி? சத்தம் கேட்டுருச்சோ?”

“என்ன மாமா செய்யுதிய?”

“ஏர் எடுக்கேன், உள்ள நிக்கிற காத்த.” அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். “வந்த மறுவாரமே கண்டுபிடிச்சிட்டேன். அடுப்படி டிராயர்ல இந்தச் சாவி கெடந்துச்சு. எதுக்குடா இதுன்னு ஒவ்வொண்ணாப் போட்டுப் பாத்தா, இதுல பொருந்துச்சு. நம்ம ஊர்ல மோட்டார் போடுறதுக்கு முன்னாடி காத்தத் தொறந்துவிடுவோம்ல, அதேதேன். ஆனா யாரும் எடுக்கிறதில்ல போல, தண்ணி பூராக் கலங்கலா வருது. மொதத் தண்ணியக் கலங்கல் போற வரைக்கும் விட்டுரணும். அதான் ரூமுக்கு ஒரு செம்பு எடுக்கேன். ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு, இன்னும் தெளியல பாத்துக்க.”

ரேடியேட்டர்த் தண்ணீர் எப்போதும் கறுப்பாகத்தான் இருக்கும். இரும்புக்குள்ளேயே சுற்றுகிற தண்ணீர். மே மாதம் வரை எடுத்தாலும் தெளியாது.

“எடுத்த தண்ணிய என்ன செய்விய?”

“கீழ ஊத்த மனசு வருமா? எங்க ஊர்ல கொடத்துக்கு அடிச்சுக்குவாக. ஒஞ் செடிக்குத்தேன் ஊத்துறேன். இரும்புச் சத்து.”

நான் படியில் உட்கார்ந்தேன். அவர் கவலையாகப் பார்த்தார். “என்ன தாயி, கிறுகிறுன்னு வருதா?”

டிக்கெட், தரை, யோகநாதன் எதையும் நாங்கள் அவரிடம் சொல்லவில்லை. அவர் மனசு நோகக்கூடாது என்று பொத்திப் பொத்தி வைத்தோம். அவரும் தன் வேலையைச் சொல்லவில்லை. நல்ல காரியத்தைச் சொல்லிக்கொண்டா செய்வார்கள்?

“நாளைக்கு ஒரு நாள் மட்டும் எடுக்காதீங்க மாமா” என்றேன்.

“ஒரு நாள் விட்டாலும் காத்து ஏறிரும்.”

“எனக்காக.”

யோசித்தார். “சரி. ஒனக்காக ஒரு நாள்.”

வினோதினியிடம்கூடச் சொல்லவில்லை. யோகநாதன் சொன்னதுதான் சரி என்று ஆகிவிட்டது. ஆள் கூடியதுதான் கோளாறு. இதைக் கேட்டால் அந்த நிமிஷமே டிக்கெட்டை மாற்றச் சொல்வார். நாளைக்கு அவரிடம் ஒரு பொய் சொல்லப்போகிறேன். முள் நின்றுவிட்டது, ஓட்டை தானாக அடைந்துவிட்டது, தரையைத் தொடவேண்டாம் என்று. இந்த வீட்டில் உண்மை பேசுகிறவள் நான் ஒருத்திதான் என்று மூன்று வாரமாக எழுதிவைத்திருக்கிறேன். பரவாயில்லை.

டிசம்பர் 21, சனி

யோகநாதன் எட்டு மணிக்கே வந்துவிட்டார். ஒரு கையில் கடப்பாரை, மறுகையில் ஹோஸ், தரையைக் கிளப்புமுன் தண்ணீரை ஏற்றி ஒழுகலைப் பார்க்க. கோட்டு.

“அண்ணே, முள் நின்னுட்டு. ஓட்டை அடைஞ்சிருக்கும்போல” என்றேன்.

“ஓட்டை தானா அடைபடுமோ? நீர்தானே பிள்ளை படிச்ச ஆள், ஆணி குத்தினதெண்டு சொன்னீர்?”

“துரு...”

“துருவோ?” என்னை மேலும் கீழும் பார்த்தார். “போன கிழமை கவுன்சில் எண்டீர். இப்ப துரு. எனக்கு விடியப்புறம் தொடங்கி இதே யோசனை. என்ர தரையில ஓட்டை இருக்கோ இல்லையோ எண்டு நானே பாக்கவேணும்.”

மண்டியிட்டு, பலகையின் ஓரத்தில் கடப்பாரை நுனியை வைத்தார். வைத்துவிட்டு அழுத்தாமல் நின்றார். பலகையைக் கையால் ஒருமுறை தடவினார். அவருக்கும் மனசு இல்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு அவர் முழு வில்லனாக இருந்தால்தான் வசதி.

அப்போது மாமா குளித்துவிட்டு வந்தார்.

“யாரு, ஓனரா? வாங்க தம்பி. தரைய எதுக்குப் பேக்குறீக?”

“ஐயா, தண்ணி எங்கையோ ஒழுகுது. எங்க போகுதெண்டு பாக்கத்தான்.”

“எந்தத் தண்ணி?”

நான் குறுக்கே விழுந்தேன். “ஒண்ணுமில்ல மாமா, நீங்க போய்ச் சாப்பிடுங்க.”

“இரு தாயி. இந்த ரேடியேட்டர்த் தண்ணியா? அது எங்கயும் போகல தம்பி. நாந்தேன் எடுக்கேன்.”

கடப்பாரை கீழே விழுந்தது. வினோதினி வயிற்றோடு படியில் பாதி இறங்கியவள் அங்கேயே நின்றாள்.

மாமா கயிற்றிலிருந்து சாவியைத் தூக்கிக் காட்டினார். காற்று, கலங்கல், செம்பு, செடி எல்லாவற்றையும் சொன்னார். “நீங்க ஒண்ணுக்கும் கவலப்படாதீக. ஒரு நாள் விடாம எடுத்துருக்கேன். நேத்துச் சொல்லிருச்சு இந்தப் பிள்ள, அதான் இன்னைக்கு மட்டும் எடுக்கல.”

யோகநாதன் மண்டியிலிருந்து அப்படியே தரையில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார்.

“உமக்குத் தெரியுமோ?”

“நேத்துலேர்ந்து தெரியும்.”

“அப்ப துரு?”

“பொய்.”

“அப்ப நான் சொன்னது சரி. ஆள் கூடினதுதான் பிரச்சினை.”

“சரிதான். நீங்க சொன்னதுதான் சரி” என்றேன். சொல்லும்போதே எரிச்சலாக வந்தது. நிறுத்த முடியவில்லை. “ஆனா இந்த ஹோஸ் வேன்ல இல்லாம இந்தச் செவுத்துல தொங்கியிருந்தா நாங்க ஒரு நாள்கூட குளிர்ல கெடந்திருக்க மாட்டோம். நீங்களும் கெடந்து ஓடியிருக்க வேண்டாம். அது யார் செஞ்ச கோளாறு? அதையும் சொல்லுங்க.”

மாமாவின் முகம் மெல்ல மாறியது. அவருக்குப் புரிந்துவிட்டது. “அப்ப... நான் எடுத்ததாலதேன் மெஷின் நின்னுச்சா? எம் பிள்ள குளிர்ல கெடந்தது என்னாலயா?”

கூடத்தில் ரேடியேட்டர் மட்டும் கணகணவென்று இருந்தது.

முதலில் சத்தம் வந்தது யோகநாதனிடமிருந்து. இருமுகிறாரோ என்று நினைத்தேன். சிரிப்பு. கோட்டுக்குள்ளேயே குலுங்கினார். “கோலமாவு போட்டவை... கையுறை கட்டினவை... நான் மனிசியிட்டச் சொன்னன், இந்தப் பிள்ளை எனக்குச் சூனியம் வைக்குதெண்டு...” வினோதினிக்கும் பற்றிக்கொண்டது. “ஐயோ, சிரிக்க வைக்காதீங்க, இங்கயே பொறந்துரும்” என்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

மாமா சிரிக்கவில்லை. “தம்பி, எடுக்கத் தெரிஞ்சவனுக்கு நெரப்பத் தெரியணும்ல. அத எப்படின்னு காமிங்க. போன தண்ணிய நானே ஏத்திக் குடுத்துர்றேன்.”

யோகநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். இரண்டு பேரும் பாய்லருக்கு அடியில் தலையை நுழைத்தார்கள். ஹோஸை மாட்டும்போது மாமா “இறுக்காதீக, வாஷர் நசுங்கிரும்” என்றார். யோகநாதன் “எனக்குத் தெரியும் ஐயா” என்றார். மாமா வால்வில் கை, யோகநாதன் முள்ளில் கண்.

“ஏறுது... ஏறுது...”

“சத்தமாச் சொல்லுங்க தம்பி, டேங்க் மேல நிக்கிறவன் அப்படித்தேன் கத்தணும்.”

“ஏறுது! ஏறுது! காணும், காணும்! நிப்பாட்டுங்கோ!”

முள் பச்சையின் நடுவில் நின்றது.

யோகநாதன் ஹோஸைக் கழற்றினார். வழக்கம்போல் கக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு அடி நடந்தார். நின்றார். திரும்பினார்.

“ஐயா, அந்தச் சாவியைத் தாங்கோ.”

மாமா கயிற்றிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தார். யோகநாதன் அதைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஹோஸை அவர் கையில் கொடுத்தார். “இது இனி இஞ்ச இருக்கட்டும். கிழமைக்கு ஒருக்கா முள்ளைப் பாருங்கோ. இறங்கினா மட்டும். கேட்டுதோ, இறங்கினா மட்டும்.”

“மே மாசம் வரைக்கும் நான் பாத்துக்கிறேன் தம்பி.”

மே மாசம் என்றதும் நான் யோகநாதனைப் பார்த்தேன். அவர் கடப்பாரையைக் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தார்.

“ஓம், ஓம்” என்று குனிந்தபடியே தலையாட்டினார்.

டிசம்பர் 22, ஞாயிறு

பச்சை. பாய்லர் பக்கத்தில் ஆணி அடித்து மாமா ஹோஸைத் தொங்கவிட்டிருக்கிறார். கிழமைக்கு ஒருமுறை பார்க்கச் சொன்னதை மணிக்கு ஒருமுறை என்று எடுத்துக்கொண்டார். பார்க்கட்டும். பார்த்தால் முள் இறங்காது.

டிசம்பர் 28, சனி

பச்சை. கறிவேப்பிலைச் செடி செத்துவிட்டது. மாமா மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “குளிருதேன் தாயி.” நானும் ஆமாம் என்றேன்.

ஜனவரி 4, சனி

பெண். மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் கூட. பெருமாள் போனில் அழுததால் மற்ற விவரம் புரியவில்லை.

மாமா பாய்லரைப் பார்த்துவிட்டு வந்து, “பச்சையிலதேன் இருக்கு, கூட்டிட்டு வரலாம்” என்றார்.

ஜனவரி 11, சனி

யோகநாதன் குழந்தை பார்க்க வந்தார். கையில் ஒரு பொட்டலம். “மனிசி தந்துவிட்டவ. பிள்ளை பெத்தவைக்குக் குடுக்கிற பத்தியச் சரக்கு. எப்பிடிக் காய்ச்சிறதெண்டு போன்ல சொல்லுவா.”

ஹோஸை ஏன் முதலிலேயே கொடுக்கவில்லை என்று இன்றும் கேட்டேன். “நீர் விடமாட்டீரே” என்றார். விடமாட்டேன்.

சமையலறையில் உட்கார்ந்து குழந்தையை மடியில் வாங்கினார். கொஞ்ச நேரத்தில் நெற்றியில் வியர்வை. குழந்தையை என்னிடம் தந்துவிட்டு எழுந்து, கோட்டைக் கழற்றினார். உள்ளே அரைக்கைச் சட்டை. எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றிப் பார்த்துவிட்டு, பாய்லர் பக்கத்து ஆணியில், ஹோஸ் மேலேயே தொங்கவிட்டார்.

மாமா தேநீர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“தம்பி, அங்க துணி போடக்கூடாது. அவசரத்துக்குக் குழாய எடுக்கணும்ல.”

யோகநாதன் என்னைப் பார்த்தார். நான் குழந்தையைப் பார்த்தேன். அவர் எழுந்து போய்க் கோட்டை எடுத்து வந்து மடியில் வைத்துக்கொண்டார். போட்டுக்கொள்ளவில்லை.